உப்புக்காற்றும் ஒலிவாங்கியும்

தூத்துக்குடியில் இன்று வீட்டுக்குள்ளேயே பாடிப் பதிவு செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மாதா கோயில் திருவிழாவுக்குப் பாட்டுக் கட்டுகிறவர்களும், கோயில் கொடைக்கு அம்மன் பாடல் போடுகிற இளைஞர்களும், சங்கீதம் கற்கும் குழந்தைகளின் பெற்றோரும், ஒரு மடிக்கணினியையும், கன்டென்ஸர் மைக் ஒன்றையும், இரண்டுக்கும் நடுவே நிற்கும் சிறு பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, முன்பு சென்னைக்கு ரயிலேறிப் போனால்தான் நடக்கும் என்றிருந்த காரியத்தைப் பின்னறையில் முடித்துவிடுகிறார்கள். பதிவைக் கேட்டதும் இவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றே: குரலுக்குப் பின்னால் ஏதோ ஓர் இரைச்சல் நிற்கிறது, சில நாள் அது சீறுகிறது, சில நாள் பொரிகிறது, சில நாள் ஓயாமல் ரீங்காரமிடுகிறது. மைக் மட்டமானது என்று தீர்மானித்து, கூடுதல் விலைக்கு இன்னொன்று வாங்கி, அதே இரைச்சலை இன்னும் துலக்கமாகக் கேட்கிறவர்களும் உண்டு.

இந்தக் குறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. குரலைப் பிடிக்கும் சாதனம் எவ்வளவுக்கெவ்வளவு நுட்பமடைந்ததோ, அவ்வளவுக்கவ்வளவு குரல் அல்லாதவையும் அதன் வழியே உள்ளே நுழைந்தன என்பதுதான் அச்சரித்திரத்தின் சாரம். அதில் இந்தக் கடற்கரைக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் உண்டென்பதும், அந்த அத்தியாயத்தில் நன்மைக்கும் தீமைக்கும் மூலகாரணமாய் நிற்பது உப்பு என்பதும் என் துணிபு.

ஒலிவாங்கி வருவதற்கு முன் இக்கரையில் குரலுக்கு இருந்த முதல் வேலை காற்றை வெல்வது. கரைவலை இழுக்கையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டு, அலையின் ஓசைக்கும் கொண்டல் காற்றுக்கும் மேலே எழும்பிக் கயிற்றின் கடைசி ஆள் வரை போய்ச்சேர வேண்டும். சேராவிட்டால் இழுப்பு ஒருமைப்படாது. முத்துக்குளிப்பிலோ நிலைமை நேர்மாறு: ஆழத்தில் இருப்பவனுக்கும் தோணியில் இருப்பவனுக்கும் இடையே குரல் செல்லாது, கயிற்றை அசைப்பதுதான் பேச்சு. குளிப்பவர்களைச் சுறா தீண்டாதபடி மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளைப் பற்றிப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் முத்துக்குளிப்புக் காலத்தில் அவர்கள் இல்லாமல் காரியம் நடக்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன் இவ்வூர் முத்துக்குளிப்பைப் பற்றிய தம் நூலை வெளியிட்டது 1890இல். பின்னாளில் ஜாதிகளையும் வழக்கங்களையும் ஆராயப் பிரயாணம் செய்தபோது அவர் போனோகிராப் யந்திரமும் வைத்திருந்தார். அது அவர் கையில் இருபதாண்டு முன்னதாக இருந்திருக்கலாகாதா என்று எனக்கு எப்போதும் ஓர் ஏக்கம் உண்டு.

நாடகக் கொட்டகையும் குரலின் வலிமையை நம்பியே நடந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களைப் பாடிய நடிகர்கள், மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கு நடுவே, உயர்ந்த கட்டையில் சுருதி வைத்துக்கொண்டு, தரை டிக்கெட்டின் கடைசி வரிசை வரை கேட்கும்படி விடிய விடியப் பாடினார்கள். அந்தச் சாரீரத்தைத்தான் முதலில் வந்த பதிவு யந்திரமும் விரும்பியது. 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்த பிரெட் கைஸ்பெர்க் கொண்டுவந்த யந்திரத்தில் மின்சாரம் இல்லை; பாடுகிறவர் ஒரு பெரிய கொம்புக்குள் முகத்தை வைத்துப் பாட, அந்த மூச்சின் பலமே மெழுகைக் கீறிற்று. பலமான ஓசைக்குத்தான் ஊசி அசையும். ஆகையால் தெருவில் வண்டி போனதையும் கூரையில் காகம் கரைந்ததையும் அந்த யந்திரம் கேட்கவில்லை. இசைத்தட்டில் நாம் கேட்கும் கரகரப்பு மெழுகும் அரக்கும் ஊசியும் உண்டாக்கியது. பாடிய அறையின் இரைச்சல் அதில் ஏறக்குறைய இல்லை. அது பாதிச் செவிடான காதாக இருந்ததே அதன் தூய்மைக்குக் காரணம். எட்டயபுரத்துப் பாரதி 1921இல் மறைந்தபோது இத்தகைய யந்திரங்கள் நம் நாட்டில் ஏறத்தாழ இருபதாண்டுகளாக நடமாடிக்கொண்டிருந்தன. ஆயினும் அவர் குரல் நமக்கு வந்து சேரவில்லை.

1925இல் மின்சாரப் பதிவு புகுந்தது. அதற்கு முன்பே வானொலியும் தொலைபேசியும் பயன்படுத்திய கரித்துகள் மைக், குரலை எடுக்கும்போதே தானும் சீறியது. துகளோடு துகள் உராயும் இடத்தில் மின்னோட்டம் தடுமாறுவதால் பிறக்கும் சீற்றம் அது. இதற்கு மாற்றாக, அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஸ்தாபனத்தைச் சேர்ந்த இ. ஸி. வென்ட் என்பவர் 1916இல் வகுத்ததுதான் கன்டென்ஸர் மைக். அதை 1928இல் பெர்லினில் ஜார்ஜ் நாய்மன் கடைச்சரக்காக்கினார். அவருடைய யு 47 என்ற மாதிரி 1949இல் வெளிவந்த பிறகு, உலகமெங்கும் பாடகரின் முன்னால் நிற்கும் மைக் என்றாலே இந்த ஜாதிதான் என்று ஆயிற்று. கரித்துகள் இல்லை, உராய்வு இல்லை. ஆனால் இந்தக் காது வேறொன்றுக்கு அஞ்சியது. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் கன்டென்ஸர் மைக் சடசடவென்று பொரிவதை ஆதிகாலத்துப் பொறியாளர்களே கண்டு குறைப்பட்டிருக்கிறார்கள்.

சென்னையில் 1934இல் ஏ. நாராயணன் ஸ்ரீநிவாஸா சினிடோன் என்ற பேசும்பட நிலையத்தைத் தொடங்கியபோது, ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் அவருடைய மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்லுகிறோம். அந்நாளைய நிலையங்கள் பலவற்றில் கூரையும் சுவரும் ஒலியை அடைக்கும்படி கட்டப்படவில்லை. நடிப்பும் பாட்டும் ஒன்றாகவே பதிவாகிவந்த அக்காலத்தில் காகங்களை விரட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள் என்ற செய்தி இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த ஆளின் உத்தியோகம் இன்றைய வீட்டு ஒலிப்பதிவாளர் கணினித் திரையில் சுட்டியைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலைக்கு மூத்தது.

வானொலிக்காரர்கள் இதை வேறு விதமாகத் தீர்த்தார்கள். சென்னையில் 1924இல் ஒரு தனியார் மன்றமாகத் தொடங்கி, 1930இல் நகராட்சியின் கைக்கு வந்து, 1938இல் அகில இந்திய வானொலியாகிய அந்த ஸ்தாபனம், 1939இல் திருச்சியிலும் 1963இல் திருநெல்வேலியிலும் கிளைத்தது. தூத்துக்குடிப் பக்கத்து வில்லுப்பாட்டுக்காரர்களும் ஓதுவார்களும் மைக் முன் உட்கார்ந்தது பெரும்பாலும் அந்தத் திருநெல்வேலி நிலையத்தில்தான். வானொலி நிலையக் கலைக்கூடத்துக்குள் நுழைவதற்கு இரண்டு கதவுகள்; ஒன்று மூடிய பிறகே மற்றொன்று திறக்கலாம். சுவரில் துளையிட்ட பலகை, தரையில் ஜமக்காளம், குளிர்ந்த காற்று ஓசையின்றி மெதுவாய் வருவதற்காக அகலமான குழாய்கள். மைக்கின் இரைச்சலைக் குறைப்பதற்கு முன் அறையின் இரைச்சலைக் குறைத்தார்கள். பதிவு வீட்டுக்கு வந்தபோது யந்திரம் மட்டும் வந்தது. அந்த இரட்டைக் கதவு வரவில்லை.

ஆனால் தூத்துக்குடி மக்களின் காதைப் பழக்கிய வானொலி இலங்கையினுடையது. கொழும்பில் 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கிய அந்த ஒலிபரப்பின் வாரிசான இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை, பெட்டிக்கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரு தலைமுறை முழுவதும் கேட்டு வளர்ந்தது. அதில் ஒரு பௌதிக சூட்சுமம் இருக்கிறது. மத்திய அலை, வறண்ட தரையின் மேல் செல்லும்போது சீக்கிரம் வலுவிழந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலின் மேல் செல்லும்போது அந்த நஷ்டம் மிகக் குறைவு. அதே நியாயம் மறுதிசையிலும் செல்லும் என்பதால்தான், இலங்கைத் தமிழர்களுக்கான நிகழ்ச்சிகளை அனுப்ப 200 கிலோவாட் வலுவுள்ள மத்திய அலைப் பரப்பியை அகில இந்திய வானொலி தூத்துக்குடியில் நிறுவியது. மன்னார் வளைகுடாவின் உப்பு, இங்கே குரலுக்கு உபகாரம் செய்தது.

அதே உப்பு மைக்கின் உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். கன்டென்ஸர் மைக்கின் தலைக்குள், ஆறு மைக்ரான் கனம் மட்டுமே உள்ள பிளாஸ்டிக் சவ்வு ஒன்று, பொன்பூச்சுடன் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் பின்னே, ஒரு தலைமயிர் நுழைவதே கஷ்டமான இடைவெளியில், துளைகள் இட்ட உலோகத் தட்டு. இரண்டுக்கும் இடையே அறுபது வோல்ட் அளவில் மின்னழுத்தம் நிற்கும். பாடும்போது சவ்வு அசைய, இடைவெளி கூடிக் குறைய, அந்த மாறுதலே குரலின் வடிவமாகிறது. அங்கு தேங்கியிருக்கும் மின்சாரமோ மிக மிகச் சொற்பம். அது கசிந்துவிடாதபடி நூறு கோடி ஓம் தடையை வைத்துக் காவல் காக்கிறார்கள். இத்தனை எச்சரிக்கையுடன் காக்கப்படும் இடத்தில் உப்புத்துகள் படிந்த சவ்வின் ஓரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால், அந்தக் காவலுக்குப் பக்கத்திலேயே ஒரு திருட்டு வழி திறந்துவிடுகிறது. மின்சாரம் அதன் வழியே விட்டுவிட்டுக் கசியும்போது, காதில் கடுகு பொரிவதுபோல் கேட்கிறது.

சுத்தமான சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால்தான் தானாகக் கரையத் தொடங்கும். கடற்காற்றில் வரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. உப்பளத்தில் உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீரில் திரண்டு நிற்பது அதுதான். அதற்கு முப்பத்துமூன்று சதவீத ஈரமே போதும். கடற்கரை ஊரில் அவ்வளவு உலர்ந்த காற்று அபூர்வம் ஆகையால், மைக்குக்குள் போன உப்பு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஈரமாகவே கிடக்கிறது. மதுரையில் பல வருஷம் குற்றமின்றி உழைத்த மைக் இங்கு வந்த சில மாதங்களில் பொரியத் தொடங்குவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை.

குளிரூட்டிய அறை இந்தத் துன்பத்தைச் சில சமயம் அதிகமாக்கும். குளிர்ந்த மைக்கைக் கூடத்துக்கு எடுத்து வந்தவுடன், வெளியிலுள்ள ஈரக்காற்று அதன் சவ்வின் மேல் பனிக்கிறது; அந்த நிலையில் மின்னழுத்தம் கொடுத்தால் பொரியாமல் என்ன செய்யும்? மைக்கை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் ஓரிரு நாள் வைத்திருந்து எடுத்தால் இரைச்சல் அடங்கிவிடுமானால், குற்றம் ஈரத்தினுடையது என்று நிச்சயம் செய்துகொள்ளலாம். அடங்காவிட்டால் உப்பு படிந்தே விட்டது. அதைத் துடைப்பது தேர்ந்த கைகளின் வேலை, வாயால் ஊதுவது எச்சிலையும் சேர்த்துப் பூசுவதாகும். பாடும்போது வாய்க்கும் மைக்குக்கும் நடுவே வைக்கும் துணி வடிகட்டியும் ‘ப’கரத்தின் மூச்சடியைத் தடுப்பதோடு, இந்த ஊரில் எச்சில் ஈரத்துக்கும் ஒரு கேடயமாகிறது. ஸென்ஹைஸர் நிறுவனத்தின் எம்.கே.எச். வரிசை மைக்குகளில், தேங்கிய மின்சாரத்துக்குப் பதிலாக உயர் அதிர்வெண் மின்சுற்றைப் பயன்படுத்தும் வேறு முறை கையாளப்படுவதால் அவை ஈரத்துக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. மழையிலும் காட்டிலும் பதிவு செய்கிறவர்கள் அவற்றை நாடுவது அதனால்தான். விலைதான் நம்மவர்களுக்கு எட்டாதது.

மைக் வீட்டுக்கு வந்த வழியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1962இல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கெர்ஹார்ட் ஸெஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும், மின்னூட்டத்தைத் தன்னிலேயே நிரந்தரமாகத் தேக்கிவைக்கும் சவ்வைக் கொண்டு எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள்; அதன் பிறகு கன்டென்ஸர் மைக் மலிந்தது. 1966இல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் கே.எம். 84 என்ற மைக்கைச் செய்தபோது, அந்நாட்டின் நீண்ட குளிர்கால இருளுக்காகக் கலைக்கூடங்களில் ஏற்கெனவே இருந்த 48 வோல்ட் விளக்கு மின்சாரத்தையே மைக் கம்பி வழியே அனுப்பினார்கள். இன்று தூத்துக்குடியில் ஒருவர் தம் பெட்டியில் 48 என்று எழுதிய பொத்தானை அழுத்தும்போது, வடதுருவத்துக்கருகே ஏற்றிவைத்த விளக்கின் மின்சாரம்தான் அவருடைய மைக்கை உயிர்ப்பிக்கிறது. ஒலிநாடாவின் சீறலை அடக்கும் முறையைக் கண்ட ரே டால்பியோ 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் ஆலோசகராக நம் நாட்டிலேயே இருந்தவர். அந்த யோசனை அவருக்கு உதித்ததும் இங்கேதான். லண்டனுக்குப் போய் 1965இல் தம் ஆராய்ச்சிச் சாலையைத் தொடங்கினார். ஒலிப்பேழைக் காலம் முழுவதும் அவர் பெயர் நம் வீடுகளில் ஒரு பொத்தானின் மேல் இருந்தது.

இனி ரீங்காரம். இது மைக்கின் குற்றமே அன்று. வீட்டு மின்சாரத்தின் குற்றம். நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுழற்சி. அதன் மடங்குகளாகிய நூறும் இருநூறும் அதனுடன் சேர்ந்து முனகும். பெண்கள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறார்கள்; ஐந்து கட்டை 196, ஐந்தரை ஏறத்தாழ 208. மின்சாரத்தின் இருநூறு இவ்விரண்டுக்கும் நடுவே வந்து விழுகிறது! சுருதியோடு சேராமலும் விலகிப்போகாமலும், ஆதார ஸட்ஜத்தின் தோளிலேயே உட்கார்ந்துகொண்டு உறுத்தும் ஒரு பொய்த் தம்புரா அது. சங்கீத ஞானமுள்ள காதுக்குப் பொரியும் ஓசையைக் காட்டிலும் இதுவே பெரிய வேதனை. 1979 முதல் அனல்மின் நிலையம் இயங்கும் ஊரில், அந்தச் சுருதியும் உள்ளூர்ச் சுருதியே.

இதற்கு வைத்தியம் ‘எர்த்’ என்று நாம் சொல்லும் நிலத்தொடர்பில் இருக்கிறது. பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, இரும்புக் குழாய் நட்டு, அடுக்கடுக்காகக் கரியும் உப்பும் போட்டு மூடி, கோடையில் அதில் தண்ணீர் ஊற்றிவருவார்கள். மைக்குக்குள் ஈரத்தை இழுத்துக் கெடுதல் செய்கிற அதே குணம், மண்ணுக்குள் ஈரத்தைப் பிடித்துவைத்து மின்சாரத்துக்கு வழிவிட்டு நன்மை செய்கிறது. ஆனால் உவர்மண்ணில் அந்தக் குழாய் விரைவில் துருப்பிடித்து இற்றுவிடும். மேலே கம்பி பளபளப்பாக இருக்கும், கீழே தொடர்பு அறுந்திருக்கும். மின்பணியாளரை அழைத்து அதை அளந்து பார்க்கச் சொல்வதே முதல் காரியம். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓடவிடும்போது ரீங்காரம் நின்றால், கோளாறு சார்ஜரிலோ எர்த்திலோ இருப்பது விளங்கிவிடும். எலெக்ட்ரானிக் விசிறி ரெகுலேட்டரும், மின்வெட்டின்போது ஓடும் மலிவான இன்வெர்ட்டரும் தனித்த ஒரு கறுவலை எழுப்பும். அவற்றை நிறுத்தினால் அது போகும். ரீங்காரம் போகிறதே என்று பிளக்கின் மூன்றாவது முள்ளை எடுத்துவிடுகிறவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எஞ்சிய சீறலுக்குப் பெரும்பாலும் காரணம் தூரம். பாடகர் கூச்சத்தால் மைக்கை விட்டு எட்ட நிற்கிறார். தூரம் இரட்டித்தால் அவர் குரல் ஆறு டெசிபெல் குறைகிறது. அதை ஈடுசெய்யப் பெட்டியின் குமிழைத் திருகினால் அறையும் விசிறியும் தெருவும் கூடவே ஏறிவருகின்றன. ஒரு சாண் தூரத்துக்குள் நின்று பாடுவதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

அம்பாப் பாட்டு தெரிந்த முதியவர்களைப் பதிவு செய்ய இப்போது சில இளைஞர்கள் முயல்வது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கடற்கரைக்குக் கன்டென்ஸர் மைக்கைக் கொண்டுபோகாதீர்கள். சுருள் வகையான டைனமிக் மைக், பாதிச் செவிடான அந்தப் பழைய கொம்பின் வம்சத்தைச் சேர்ந்ததானாலும், உப்பையும் காற்றையும் தாங்கும். காற்றுக்கு அதன்மேல் நுரைப்பஞ்சு உறை போட்டு, வலை இழுக்கும்போதே ஒருமுறை எடுங்கள். பிறகு அதே பெரியவரை வீட்டுக்குள் உட்காரவைத்து, கன்டென்ஸர் மைக்கில் சொற்கள் தெளியும்படி இன்னொருமுறை எடுங்கள். முதல் பதிவிலிருந்து அலையோசையைக் கணினியால் வடிகட்ட முற்படவேண்டாம்: எந்த அலையைப் பார்த்து முன்பாட்டுக்காரர் அடியெடுத்தார் என்பதும், எந்த அலை திரும்பும் வரை மற்றவர்கள் மூச்சை நிறுத்திக் காத்தார்கள் என்பதும் அந்த ஓசைக்குள்தான் இருக்கின்றன. பாட்டு முடிந்த பிறகும் அரை நிமிஷம் யந்திரத்தை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். தேதி, இடம், அன்று அடித்த காற்று கச்சானா கொண்டலா வாடையா என்பவற்றை அந்த அரை நிமிஷத்துக்குப் பின் உங்கள் குரலிலேயே சொல்லிப் பதிந்துவையுங்கள்.